பந்தையும் கொஞ்சம் பாருங்கள்: திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிற, பேசுகிற உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம். யாரையும் தனியாகக் குறிவைத்து எழுதவில்லை. ஆனால் எழுத வைத்தது உங்களில் ஒருவரின் பேச்சுதான். டென்னிஸை வைத்து எடுத்த படங்களின் பட்டியல் ஒன்றை அண்மையில் அவர் காணொளியாகப் போட்டிருந்தார். 2024இல் வந்த 'சேலஞ்சர்ஸ்' பற்றி நெடுநேரம் ரசித்துப் பேசினார். சரி, பேசட்டும். 2004இல் வந்த 'விம்பிள்டன்' படத்துக்கு வந்ததும் மூன்றே வாக்கியம். முடிவு முன்பே தெரிந்துவிடும், பந்து கம்ப்யூட்டரில் செய்தது, நிஜத்தில் நடக்காத கதை. அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இதே மூன்று வாக்கியங்களை வேறு வேறு வாய்களில் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை பொறுக்க முடியவில்லை.

நான் சினிமாவில் இருப்பவன் இல்லை. சென்னையில் ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் மார்க்கராக இருந்தேன். ஜோடி கிடைக்காத உறுப்பினர்களுக்கு எதிரில் நின்று ஆடிக்கொடுக்கிற வேலை அது. படம் எப்படி எடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது ஒன்றுதான். விளையாட்டை வைத்து எடுத்த படத்தை எடை போடும்போது, அந்த விளையாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

படத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரவரிசையில் சரிந்த பீட்டர் கோல்ட் என்ற பிரிட்டிஷ் ஆட்டக்காரன், லிஸி என்ற ஆட்டக்காரியைக் காதலித்துக்கொண்டே விம்பிள்டனை ஜெயிக்கிற காதல் நகைச்சுவைப் படம். ரிச்சர்ட் லாங்க்ரெய்ன் இயக்கியது, பால் பெட்டனியும் கிர்ஸ்டன் டன்ஸ்டும் நடித்தது. வந்தபோது அமெரிக்க, இங்கிலாந்து விமர்சகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். படம் பிடிக்காதவர்கள்கூடப் பெட்டனியை மெச்சினார்கள். 'நாட்டிங் ஹில்' எடுத்த அதே வொர்க்கிங் டைட்டில் நிறுவனத்தின் படம் என்பதால், அதே அச்சில் வார்த்த இன்னொன்று என்று ஒதுக்கியவர்களும் நிறையப் பேர். கடைசியில், விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடுகிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 60 விழுக்காட்டை ஒட்டி ஓர் எண் நின்றுவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அவசரத்தில் எழுதியதை நாம் இருபது வருடத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டு திரிகிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அந்த 'நடக்காத கதை'யை எடுத்துக்கொள்கிறேன். தரவரிசையில் கீழே கிடக்கிற, வயதான ஓர் ஆட்டக்காரன் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துகிறவர்களே பார்த்துக் கொடுக்கிற இடத்தில், உள்ளே வந்து விம்பிள்டனை ஜெயிக்கிறான், இதை யார் நம்புவார்கள் என்று கேட்கிறீர்கள். படம் வருவதற்கு மூன்றே வருடம் முன்னால், 2001இல், குரோஷியாவின் கோரான் இவானிசெவிச் அதைத்தான் செய்தார். அப்போது அவருடைய தரவரிசை 125. தோள்பட்டை கெட்டுப்போயிருந்தது. 1992, 1994, 1998 என்று மூன்று இறுதியாட்டங்களில் தோற்றிருந்தார். வைல்டு கார்டு கொடுத்துத்தான் அவரை உள்ளே விட்டார்கள். மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன இறுதியாட்டத்தில் பேட்ரிக் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று ஜெயித்தார். கதாநாயகன் பீட்டர் கோல்ட்டின் தரவரிசை 119. நிஜத்தில் ஜெயித்தவரைவிட ஆறு இடம் மேலே! திரைக்கதை எழுதியவர்கள் உண்மையைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இறுதியாட்டத்தில் சரியான நேரத்துக்கு மழை வருவதும் உங்களில் பலருக்கு உறுத்துகிறது. கதாசிரியர் வசதிக்காகப் பெய்த மழை என்கிறீர்கள். அதே 2001இல் இவானிசெவிச்சும் பிரிட்டனின் டிம் ஹென்மனும் ஆடிய அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது செட்டை ஹென்மன் 6-0 என்று எடுத்து, ஆட்டமே அவர் கையில் இருந்தபோது மழை வந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. திரும்பி வந்த இவானிசெவிச் வேறு ஆளாக வந்தார், ஜெயித்தார். சென்டர் கோர்ட்டுக்குக் கூரை போட்டது 2009இல்தான். அதுவரை விம்பிள்டனில் மழையும் ஓர் ஆட்டக்காரர் மாதிரிதான். யார் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், யாருக்குச் சூடு ஆற வேண்டும் என்பதை அது முடிவு செய்தது. படத்தில் மழை நேரத்தில் லிஸி வந்து பீட்டரிடம் பேசுகிற காட்சி இதைத் தெரிந்தவர்கள் எழுதியது.

பிரிட்டன்காரன் ஜெயிப்பது பகற்கனவு என்றும் அப்போது சொன்னார்கள். 1936இல் ஃபிரெட் பெர்ரிக்குப் பிறகு விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரில் பிரிட்டன்காரர் யாரும் ஜெயிக்கவில்லை, அதனால் அப்படித் தோன்றியது. 2013இல் ஆண்டி மர்ரி ஜெயித்தார். 2021இல் தரவரிசையில் 150ஆவது இடத்தில் இருந்த எம்மா ரடுகானு என்ற பிரிட்டிஷ் பெண், 18 வயதில், தகுதிச் சுற்றிலிருந்து மேலே வந்து, ஒரு செட்கூட இழக்காமல் அமெரிக்க ஓப்பனை வென்றார். இதையெல்லாம் பார்த்த பிறகும் 'நடக்காத கதை' என்று ஒருவர் இன்றைக்குப் பேசுகிறார் என்றால், அவர் இருபது வருடப் பழைய விமர்சனத்தைப் படித்திருக்கிறார், டென்னிஸைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த 119க்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமே அந்த எண்தான். எந்த விமர்சனத்திலும் அதைப் பற்றி ஒரு பத்திகூட நான் பார்க்கவில்லை. 'சரிந்துபோன ஆட்டக்காரன்' என்ற இரண்டு சொல்லோடு தாண்டிவிடுகிறார்கள்.

விம்பிள்டன் ஒற்றையர் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றில் ஆடுகிறவர்கள் பட்டியலில், 128 பேர். அதில் தரவரிசைப்படி நேராக உள்ளே போகிறவர்கள் 104 பேர். தகுதிச் சுற்றிலிருந்து 16 பேர். மீதி 8 இடம் வைல்டு கார்டு, அதைப் போட்டி நடத்துகிறவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். 119ஆம் இடத்தில் இருப்பவன் கதவுக்கு வெளியே நிற்கிறவன். உலகம் முழுக்க டென்னிஸ் ஆடுகிறவர்களில் 118 பேர்தான் அவனைவிட மேல். வேறு எந்தத் தொழிலிலும் உலகத்தின் 119ஆவது ஆள் தலைமுறைக்கும் சேர்த்துச் சம்பாதித்திருப்பான். இங்கே அவன் விமான டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்ப்பான். வாங்கிய புள்ளிகள் 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். போன வருடம் இதே வாரத்தில் எடுத்ததை இந்த வருடமும் எடுக்காவிட்டால் இன்னும் கீழே போவான். காயம் என்று இரண்டு மாதம் உட்கார்ந்தால் முடிந்தது. கோச் வைத்துக்கொள்ளக் காசு பற்றாது. சேலஞ்சர் என்கிற இரண்டாம் மட்டப் போட்டி ஒன்றில் முதல் சுற்றில் தோற்றால், கிடைக்கிற பணம் போக்குவரத்துக்குக் காணாது. அடுத்த ஊருக்கு, அடுத்த வாரம், மறுபடியும் முதல் சுற்று.

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்ததே, அங்கே கூட்டம் எல்லாம் மோயாவையும் நடாலையும் பார்க்கத்தான் வரும். நான் தகுதிச் சுற்று நடக்கிற பக்கக் கோர்ட்டுகளில் போய் உட்காருவேன். தங்கள் ராக்கெட் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு, தோற்றதும் யாரிடமும் பேசாமல் போகிற ஆட்டக்காரர்களை அங்கேதான் பார்த்தேன். பீட்டர் கோல்ட் அவர்களில் ஒருவன்.

நம் ராம்குமார் ராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பையன். 2017இல் துருக்கியின் அண்டால்யாவில், அப்போது உலகின் 8ஆவது இடத்தில் இருந்த டொமினிக் தீமைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நடந்த ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) போட்டி ஒன்றில் இறுதியாட்டம் வரை போனார். அவர் தொட்ட மிக உயர்ந்த இடம் 111. அந்த உயரத்தில் இருந்த நாட்களிலும் விம்பிள்டன் மாதிரியான நான்கு பெரிய போட்டிகளில், அதாவது கிராண்ட் ஸ்லாம்களில், ஒற்றையர் என்றால் அவருக்குத் தகுதிச் சுற்றுதான். விம்பிள்டனுக்கு அது மைதானத்திலேயே நடப்பதில்லை, ரோஹாம்ப்டனில் நடக்கும். மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் சென்டர் கோர்ட் இருக்கிற வளாகத்தில் பெயர் வரும். 111க்கும் 104க்கும் நடுவில் உள்ள ஏழு இடம் எவ்வளவு பெரிய பள்ளம் என்று அவரைப் போன்றவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

படத்தின் தொடக்கத்தில் பீட்டர் ஒரு வசதியான கிளப்பில் பயிற்சியாளர் வேலைக்கு ஒப்புக்கொள்கிறான். வயதான பெண் உறுப்பினர்கள் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். திரையரங்கில் அதற்குச் சிரிப்பு வந்திருக்கும். விமர்சகர்களும் நகைச்சுவைக் காட்சி என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி முடித்த ஆட்டக்காரனுக்கு மிச்சமிருக்கிற வேலை அதுதான். நான் பார்க்கிற வேலையும் அதுதான். அதில் கேவலம் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் ஒரு காலத்தில் உலகத்தில் 11ஆவது இடத்தில் இருந்த ஒருவன் அந்த வேலையை ஒப்புக்கொள்ளும்போது மனசுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பெட்டனி முகத்தை அதிகம் அசைக்காமலே காட்டியிருக்கிறார். அதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்க வேண்டும். தம்பியே அவன் தோற்பான் என்று பந்தயம் கட்டுகிறான். திரும்பிக்கூடப் பார்க்காத ஏஜென்ட் அவன் ஜெயிக்கத் தொடங்கியதும் ஓடி வருகிறான். இதெல்லாம் காதல் கதைக்கு ஊறுகாய் என்று நினைத்தீர்கள். டென்னிஸ்காரர்களுக்கு இதுதான் கதை.

பந்து விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், பெரும்பாலான பந்துகள் கம்ப்யூட்டரில் வரைந்தவைதான். நடிகர்கள் வெறும் ராக்கெட்டை வீசினார்கள், பந்தை அப்புறம் சேர்த்தார்கள். இதில் என்ன குற்றம்? உயர்மட்ட ஆட்டக்காரர் போடுகிற சர்வை ஒரு நடிகரால் திருப்பி அடிக்க முடியாது, சில மாதப் பயிற்சியில் அது வராது. 1987இல் விம்பிள்டனை வென்ற பேட் கேஷைத்தான் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். 2003 போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே அந்த மைதானத்தில் படமெடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். பந்து நிஜமா என்று பார்ப்பதைவிட, கால் நிஜமா என்று பாருங்கள். எதிராளி பந்தை அடிக்கிற நொடியில் ஆட்டக்காரர் ஒரு சின்னக் குதி குதித்து இறங்குவார், அப்போதுதான் எந்தப் பக்கமும் ஓட முடியும். சர்வ் போடும்போது பந்தைத் தூக்கிப்போட்ட கை உடனே கீழே விழாது. பெட்டனியின் சர்வ் எனக்கு நம்பும்படி இருந்தது. டன்ஸ்ட் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அடிக்கும் முன் எடுத்துவைக்கிற சின்னச் சின்ன எட்டுகள் அவரிடம் இல்லை. இப்படி எழுதுங்கள், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 'சி.ஜி. பந்து' என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள்.

அந்தப் படத்தில் டென்னிஸ் நிஜமாக இருக்கிற இடம் வேறு. ஆட்டத்தின் நடுவே பீட்டரின் மனசுக்குள் ஓடுகிற பேச்சைக் குரலாகக் கேட்கவைக்கிறார்கள். தன்னையே திட்டிக்கொள்வான், பயப்படுவான், கவனம் எங்கேயோ போகும், இழுத்துப் பிடிப்பான். முதல் சர்வ் வெளியே போய், இரண்டாவது சர்வுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சில விநாடிகள் எப்படி இருக்கும் என்று என்னிடம் படிக்கிற பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைத் திரையில் சரியாகக் கேட்ட படங்கள் ரொம்பக் குறைவு. கோர்ட்டில் பக்கத்தில் ஆள் இல்லாமல், மணிக்கணக்கில் தனியாக நிற்கிற ஆட்டம் இது. அந்தக் குரலைப் பல விமர்சனங்கள் 'பழைய உத்தி' என்று கடந்துபோயின.

முடிவு முன்பே தெரிகிறது என்கிறீர்கள். காதல் நகைச்சுவைப் படத்தில் இருவரும் சேர்வார்கள் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். அப்புறம் அதையே குற்றமாகச் சொன்னால் எப்படி? எப்படிச் சேர்கிறார்கள் என்றுதானே பார்க்க வேண்டும். இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஒரு படத்தின் பிரச்சினை மட்டுமில்லை. நம் ஊரில் கபடியை வைத்து எடுத்தாலும், குத்துச்சண்டையை வைத்து எடுத்தாலும், 'வழக்கமான ஸ்போர்ட்ஸ் டிராமா' என்ற ஒரே முத்திரைதான். ஆடத் தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்த்தீர்களா? கபடியில் ரெய்டு போகிறவனின் மூச்சுக்கணக்கு சரியா, குத்துச்சண்டைக்காரன் முகத்தைக் காக்கக் கையை வைக்கிற விதம் சரியா என்று எப்போதாவது கேட்டீர்களா? ஒளிப்பதிவைப் பற்றி, படத்தொகுப்பைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதுகிற நீங்கள், திரையில் நடக்கிற ஆட்டத்தை மட்டும் பின்னணிச் சீலையாகப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு அது வலிக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லிஸி பிராட்பரி பட்டம் வெல்லக்கூடியவளாக வருகிறாள். காதல் வந்தால் ஆட்டம் போய்விடும் என்று அவள் அப்பா மிரட்டிக்கொண்டே இருக்கிறார். நடப்பது என்ன? அவள் அரையிறுதியில் தோற்கிறாள், அவன் கோப்பையைத் தூக்குகிறான். அதே காதல் அவனை உயர்த்துகிறது, அவளைக் கவிழ்க்கிறது. கடைசியில் அவளும் பின்னாளில் பட்டங்கள் வென்றாள் என்று குரலில் ஒரு வரி சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தப் படத்தின் உண்மையான குறை இதுதான். இதை நீங்கள் உரக்கச் சொல்லியிருந்தால் முதல் ஆளாக நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

அதற்கான விடைகளும் டென்னிஸிலேயே இருந்தன. படத்தில் ஜான் மெக்கன்ரோவோடு வர்ணனையாளராக உட்கார்ந்திருக்கிறாரே கிறிஸ் எவர்ட், அவரும் ஜிம்மி கானர்ஸும் 1974இல் ஒரே வருடத்தில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்களை வென்றார்கள். அப்போது இருவருக்கும் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. ஸ்டெஃபி கிராஃபும் அகாசியும் 2001இல் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதற்குள் கிராஃப் ஆட்டத்தை விட்டிருந்தார். வருடம் முழுக்க ஊர் ஊராகப் போகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்பினால் யார் எதை விட்டுக்கொடுப்பது என்பது இந்த விளையாட்டில் நிஜமான கேள்வி. எவர்டையே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, படம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நழுவுகிறது. எனக்குத் தெரிந்து எந்த விமர்சனமும் அதைப் பிடிக்கவில்லை.

விம்பிள்டன் நம் ஊருக்கு அந்நியமும் இல்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதி ஆடினார். விஜய் அமிர்தராஜ் 1973, 1981 என்று இரண்டு முறை கால் இறுதிக்குப் போனார். இந்த விஷயத்தில் வெளிநாட்டு விமர்சகர்களின் முடிவைக் கடன் வாங்க நமக்கு அவசியமே இல்லை. நம் வாசகர்களுக்கு நாமே சொல்லலாம்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தைப் படித்துத்தான் பல படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் தொடங்கும். அப்போது டென்னிஸ் படங்களின் பட்டியல்கள் மறுபடி வரும். அதற்கு முன்னால் இந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். விழுக்காட்டை மறந்துவிட்டு, அந்த 119ஐ மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள். டென்னிஸில் சந்தேகம் வந்தால் காலை ஆறு மணிக்கு உங்கள் ஊரில் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் சொல்லித்தர ஒருவர் இருப்பார், சந்தோஷமாகவே சொல்வார். அப்படிப் பார்த்த பிறகும் படம் மோசம் என்று தோன்றினால் மோசம் என்றே எழுதுங்கள். ஆட்டத்தையும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நான் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு டென்னிஸ் பயிற்சியாளர்
சென்னை